குல்ஷன் வெட்டிய கிளி

மெட்ராஸிலிருந்து தபாலில் வந்த அந்த வழவழப்பான நோட்டீஸை நான் இன்னும் கிழித்துப் போடவில்லை. கிழித்திருந்தால் ஆத்திரமும் அன்றைக்கே தீர்ந்திருக்கும்.

ஏதோ படக் கண்காட்சிக்கு அச்சடித்த நோட்டீஸ். அதில் நம்ம குல்ஷனின் பலகைகளைப் போட்டோ பிடித்துப் போட்டு, கீழே யாரோ படித்த மனிதர் நாலு வரி எழுதியிருந்தார். இந்தக் கிளிகளில் ஒரு வெளிநாட்டு ஓவியரின் பாதிப்பு பளிச்சென்று தெரிகிறதாம். கோடு போட்டிருக்கும் விதத்தில் ஆதிகாலத்துக் குகைச் சித்திரங்களின் சாயலும் இருக்கிறதாம்.

எந்தக் குகை என்று கேட்கிறேன். அந்த வெளிநாட்டுக்காரர் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் எப்போது வந்து இறங்கினார்? எந்த டீக்கடையில் டீ குடித்தார்? அது தக்காளிப் பெட்டிக் கிளி ஐயா. பதினொரு வருஷம் என் கையால் மை தடவி அடித்த கிளி. அதற்கு வால் ஏன் அப்படி இருக்கிறது, காலடியில் ஏன் ஒரு சொட்டு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எண்பத்தெட்டில் வந்த நோட்டீஸ். அன்றிலிருந்து கண்டவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவன் எழுதுவது, அங்கே இங்கே கோணலாகத்தான் இருக்கும்.

நான் பெட்டி அடிக்கிறவன். பெயர் பச்சியப்பன். பாலக்கோட்டு மார்க்கெட்டுக்கு வரும் தக்காளியை மெட்ராஸுக்கு ஏற்றி அனுப்பும் மரப்பெட்டி என் பட்டறையில் அடிப்பது. ஒரே லாரியில் நாலைந்து மண்டிக்காரர்களின் பெட்டிகள் ஏறும். மெட்ராஸ் கொத்தவால் சாவடி மார்க்கெட்டில் அவற்றை இறக்குகிற ஆட்களில் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர் இருந்தால் அதிகம். விலாசம் எழுதி யார் படிக்க? ஆகவே மண்டிக்கு ஒரு மார்க். பக்ருதீன் பாய் மண்டிக்குக் கிளி. இன்னொருவருக்குப் புறா. இன்னொருவருக்குக் குடை. கிளி போட்ட பெட்டி கிளிக் கடைக்குப் போகும், புறா போட்டது புறாக் கடைக்குப் போகும். தகரத்தில் உருவத்தை வெட்டி எடுத்த அச்சைப் பெட்டிப் பலகைமேல் வைத்து, கறுப்பு மையைத் தேய்த்தால் மார்க் விழுந்துவிடும். அவ்வளவுதான் வித்தை.

அந்த அச்சுகளை வெட்டுகிறவர் முனாப் பாய். புனல், உண்டியல், விளக்கு மூடி எல்லாம் செய்கிற தகரக் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. அவர் சம்சாரம் ரஹமத் பீவி தொழுகை தவறாத மனுஷி. உயிருள்ளதன் படம் எதுவும் அந்த வீட்டுச் சுவரில் தொங்காது. ஒரு நாள் நான் அங்கே அச்சுக்காக உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாள் உள்ளேயிருந்தே கேட்டார்:

"ஏங்க, கிளி புறான்னு உசுருள்ளத உருவமா செய்யறீங்களே, தப்பில்லீங்களா?"

முனாப் பாய் கத்தரியை நிறுத்தவில்லை. "நான் எங்க கிளி செஞ்சேன்? தகரத்துல ஓட்டை போட்டேன். கிளி போய் வர்ற அளவுக்கு ஓட்டை. மையத் தடவி கிளி செய்யறது இந்தப் பச்சியப்பன். அது அவன் பாடு."

"பாய், என்னை எதுக்குங்க நரகத்துக்குத் தள்ளறீங்க?" என்றேன் நான்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தது அந்த அம்மாள் மட்டும் இல்லை. வீட்டு வாசற்படியில் முனாப் பாயின் மகள், பதினொரு வயசுக் குல்ஷன் உட்கார்ந்து, அச்சிலிருந்து கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கிளி வெட்டினால் ஓட்டை எனக்கு வரும், கிளி வடிவத் துண்டு அவளுக்குப் போகும். அப்படித் துண்டுகளைச் சேர்த்து, நூலில் கோத்து, ஜன்னலில் கட்டி வைத்திருந்தாள். காற்றடித்தால் கிளியும் குடையும் தராசும் ஒன்றோடொன்று மோதிக் கணகணவென்று ஒலிக்கும். "பாப்பா, கை கிழிஞ்சிடும், போடு கீழ" என்று சொன்னால், "கிழிஞ்சா கிழியட்டும் மாமா, வாலப் பாருங்க எவ்வளவு கூரு!" என்பாள்.

பெண் அப்படி. எதைப் பார்த்தாலும் அதற்கு ஒரு கத்தல். தீப்பெட்டி லேபிள், லாரியின் பின்பக்கத்துத் தாமரை, சுகர் மில்லுக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரின் முகப்பு, மார்க்கெட்டில் தராசுத் தட்டு ஆடும் ஆட்டம், எல்லாவற்றையும் நோட்டின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டே இருப்பாள். மெட்ராஸில் படம் வரைவதற்கென்றே ஒரு காலேஜ் இருக்கிறது என்று எப்படியோ தெரிந்துகொண்டு வந்து சொன்னபோது முனாப் பாய், "படம் வரையறதுக்குக் காலேஜா? அப்ப தூங்கறதுக்கு எந்த ஊர்ல?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, மறு வாரம் அவரேதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட்டார். எண்பத்தொன்று அது. அஞ்சு வருஷப் படிப்பு.

லீவுக்கு வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். என் பட்டறையைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும். சுருட்டிய காகிதங்களை என் பலகைகளின் மேல் விரித்துக் காட்டுவாள். "மாமா, இது ஒருத்தர் வரஞ்ச குதிரைங்க. பாருங்க, கழுத்து எப்பிடிக் கத்துதுன்னு. இது இன்னொருத்தரு. மூஞ்சி பூரா நீலம்!" என்பாள். எல்லாம் லைப்ரரிப் புத்தகத்தைப் பார்த்து இவள் போட்டவை. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குதிரை நம் ஊர்ப்பக்கம் புல் தின்ற குதிரை இல்லை.

"இந்தப் பொம்பளைக்கு என்னா, மஞ்சக்காமாலை முத்திப் போச்சா?" என்று ஒரு படத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"மாமா, அது துக்கம்!"

"துக்கம் வந்தா எங்கூர்ல கண்ணுதான் செவக்கும். மூஞ்சி பச்சையாவாது."

கோபித்துக்கொண்டு சுருட்டி எடுத்துப் போய்விடுவாள். சாயங்காலம் திரும்ப வருவாள், இன்னொன்றைக் காட்ட.

எண்பத்தாறு மார்ச்சில் வந்தபோது இறங்கியதும் பேசவில்லை. பட்டறையில் வந்து ஆணி டின்மேல் உட்கார்ந்தாள்.

கடைசி வருஷத்துக்குச் சொந்தமாக ஒரு படத்தொகுதி செய்து காட்ட வேண்டுமாம். பெரிய வாத்தியார் இரண்டு தடவை திருப்பி அனுப்பிவிட்டார். "இதுல அவர் இருக்கறாரு, இவர் இருக்கறாரு. நீ எங்கம்மா இருக்கறே?" என்று கேட்டாராம். மூன்றாவது தடவை அடுத்த திங்கட்கிழமை. அதுவும் தேறவில்லை என்றால் இன்னும் ஒரு வருஷம் திரும்பப் படிக்க வேண்டும். அந்த ஒரு வருஷத்துக்கு வழி இல்லை. முனாப் பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அஞ்சு வருஷம் என்று சொன்னாய், அஞ்சு வருஷம் விட்டாகிவிட்டது, பாஸானால் உன் இஷ்டப்படி வேலைக்குப் போ, இல்லாவிட்டால் ஆம்பூரிலிருந்து பெண் கேட்டு வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

"திங்கட்கெழம பாஸாவலன்னா ஆம்பூரு. அவ்வளவுதான் மாமா" என்றாள்.

"ஆம்பூரு ஒண்ணும் மோசமான ஊரில்ல. பிரியாணி நல்லா இருக்கும்."

"உங்ககிட்ட வந்து சொன்னேன் பாருங்க" என்று எழுந்து போய்விட்டாள். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அதனால் பிரியாணியைச் சொன்னேன்.

அந்த வாரம்தான் என் கிளி அச்சு உடைந்தது. அது எப்படிப்பட்ட அச்சு என்று சொல்லிவிடுகிறேன். முதல் வருஷமே வால் பக்கம் தகரம் நடுவில் ஒடிந்து, ஒரு படி இறங்கின மாதிரி ஆகிவிட்டது. மூக்கில் பழைய மை இறுகிப்போய் மூக்கே கிடையாது. வயிறு உப்பல். கத்திரிக்காய்க்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். போதாததற்கு, நான் அவசரத்தில் தேய்க்கிறவன் ஆனதால் காலடியில் எப்போதும் ஒரு சொட்டு மை வழிந்திருக்கும். அந்த அச்சு புதன்கிழமை காலையில் குறுக்கே பிளந்துகொண்டது. சாயங்காலம் லாரி ஏற வேண்டும், எழுபத்தாறு பெட்டி. ஓடினேன். முனாப் பாய் ஓசூருக்கு வேலையாகப் போயிருந்தார். குல்ஷன் இருந்தாள்.

பிளந்த அச்சைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "மாமா, இதையா இத்தன வருசமா கிளின்னு சொல்லி வித்தீங்க?"

"வித்தது தக்காளி. சீக்கிரம் வெட்டு."

அரை மணியில் வெட்டிக் கொடுத்தாள். என்ன கிளி! வளைந்த மூக்கு, கழுத்தில் கோடு, இறக்கையில் மூன்று அடுக்கு, வால் நீண்டு நேராக இறங்கியது. பலகையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தோம். பறந்துவிடும் போல் இருந்தது. பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆமாம், நான்தான் காட்டினேன். எனக்கும் பெருமையாக இருந்தது, அதை மறைக்கவில்லை. ஒரு சொட்டுக்கூட வழியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுபத்தாறு பெட்டிக்கும் அடித்தேன். லாரி போய்விட்டது.

மறுநாள் பத்து மணிக்குப் பக்ருதீன் பாய் மண்டியிலிருந்து ஆள் வந்தது, டிரங்க் கால் வந்திருக்கிறது, உடனே வா என்று. போனை எடுத்தால் மறுமுனையில் சின்னராஜ். நம்ம மாரண்டஹள்ளிக்காரன்தான், சாவடியில் பெட்டி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி.

"அண்ணா, கிளி எங்கண்ணா?"

"ஏத்தி விட்டமேடா, எழுவத்தாறு பெட்டி!"

"கிளி ஒண்ணுகூட வரலீங்க. புறாதான் வந்துச்சி. என்னாடா இன்னைக்கு இவ்ளோ புறான்னு எல்லாத்தயும் புறாக் கடையில எறக்கிட்டம். வித்தும் போச்சி. இங்க கிளிக் கடைக்காரரு எங்களப் போட்டுத் திட்டறாரு."

"அது புறா இல்லடா மடையா, கிளி! மூக்கப் பாக்கலயா நீ?"

"மூக்க யாருங்க பாக்கறது? வாலு எங்க போச்சி? ஒடஞ்ச வாலு இல்லாம அது என்னா கிளி?"

பக்ருதீன் பாய் இந்தப் பக்கத்தில் கத்துகிறார், நான் அந்தப் பக்கத்தில் கத்துகிறேன். இரண்டு கடைக்காரர்களும் மெட்ராஸில் பேசி இரண்டே நாளில் அந்த விவகாரத்தை நேர் செய்துகொண்டார்கள். அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அந்த நேரத்துக் கத்தல் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டுக்கொண்டு குல்ஷன் வந்தாள். முகம் வெளுத்து, வாசலிலேயே நின்றாள்.

"வாம்மா ரவிவர்மா!" என்று நான் அவள்மேல் பாய்ந்தேன். "உன் அழகு யாருக்கு வேணும்? எங்கிளி கோணலா இருந்தாலும் ஒழுங்கா ஊரு போய்ச் சேந்துச்சி. நீ வெட்டினது புறாக் கடைக்குக் குடித்தனம் போயிருச்சி!"

"புறாவா?" என்றாள். "புறான்னா சொன்னாரு? ஏன்?"

"வாலப் பாக்கறானாம். ஒடஞ்ச வாலு இல்லியாம்."

அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். கையை நீட்டினாள். "மாமா, போன எங்கிட்டக் குடுங்க! குடுங்க, கட்டாயிரும்!" பிடுங்கிவிட்டாள்.

"அண்ணா, நான் முனாப் பாய் பொண்ணுங்க. நீங்க வாலத்தான் பாப்பீங்களா?"

அவன் கத்துவது எங்களுக்கே கேட்டது. "ஆமா பாப்பா. தலைமேல ரெண்டு பெட்டி வெச்சிக்கிட்டு ஓடறவன் கிளி மூஞ்சியப் பாத்து சலாம் போட முடியுமா?"

"மத்தவங்க? எல்லாரும் வாலுதானா?"

"அவனவனுக்கு ஒண்ணு. குள்ளன் கண்ணப் பாப்பான். ஒருத்தன் வயித்தப் பாப்பான். அது எதுக்கு இப்ப உனக்கு?"

லைன் அறுந்துவிட்டது. அவள் போனை வைக்கவில்லை. கையில் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்ருதீன் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, எம் பெட்டி வேற கடைக்குப் போயிருச்சின்னு நான் கத்தறேன். நீ வாலப் பத்தி விசாரிக்கற!"

"தப்பு என்னுதுதாங்க பாய், ஆயிரம் வாட்டி மன்னிச்சிக்குங்க. ஆனா மாமா, பாத்தீங்களா? நான் மூக்கத் திருத்தி எறக்கையத் திருத்தி வரயறேன். அங்க ஒருத்தர் வாலுக்காகக் காத்துக்கிட்டு நிக்கறாரு! வரஞ்சவங்களுக்கே தெரியாத வாலு!" மண்டிக்குள் தக்காளிக் குவியலுக்கு நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். "நான் அவங்களப் பாக்கணும். ஞாயித்துக்கெழமயே பாக்கணும்."

முனாப் பாய் ஓசூரிலிருந்து வந்து, விஷயத்தைக் கேட்டு, மகளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிளந்த பழைய அச்சைப் புதுத் தகரத்தின்மேல் வைத்து, ஒடிந்த வாலையும் உப்பின வயிற்றையும் இல்லாத மூக்கையும் அப்படியே பார்த்துப் பார்த்து வெட்டினார். நல்ல வேலைக்காரர் ஒரு கெட்ட வேலையை அவ்வளவு கவனமாகச் செய்வதை நான் அன்றுதான் பார்த்தேன். "இத எடுத்துக்கிட்டுப் போய் அவங்க கண்ணுல காட்டிட்டு வா" என்று என்னிடம் கொடுத்தார் பக்ருதீன் பாய். "போறதுதான் போற, புள்ளயயும் ஹாஸ்டல்ல விட்டுரு" என்றார் முனாப் பாய். பழைய அச்சைக் குல்ஷன் துணிப்பையில் வைத்துக்கொண்டாள். ஒரு டின் மையும் தூரிகையும் என்னை எடுத்துவரச் சொன்னாள். எதற்கு என்று கேட்டால், "வாங்க மாமா, வாங்க" என்பதுதான் பதில்.

ஞாயிறு காலை சாவடியில் இறக்கு வேலை முடிய எட்டரை ஆகிவிட்டது. சின்னராஜ் புது அச்சின் வாலைத் தடவிப் பார்த்து, "ஆங், இதாண்ணா கிளி" என்று சர்டிபிகேட் கொடுத்தான். என் வேலை முடிந்தது. அவள் வேலை அப்புறம்தான் ஆரம்பித்தது. உடைந்த பெட்டிகளின் பலகைகளைப் பொறுக்கி வரிசையாகச் சாய்த்து வைத்தாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, கிளி மார்க்க உங்க கையால போட்டுக் காட்டுங்க. அச்சு இல்லாம. ஞாபகத்துலருந்து."

ஒருத்தரும் அசையவில்லை. "நாங்க என்னா இஸ்கூலு புள்ளைங்களா?" என்றான் ஒருவன். "தப்பாப் போட்டா முட்டி போடணுமா?" என்றான் இன்னொருவன்.

குள்ளன்தான் முதலில் வந்தான். பேர்தான் குள்ளன், ஆள் ஆறடி. தூரிகையை மண்வெட்டி மாதிரி பிடித்து, பலகை நிறைய ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு குத்துக் குத்தினான்.

"டேய், இது கிளியா, பணியாரக் குழியா?"

"கிளிதான். கண்ணு. நான் இதத்தான் பாக்கறேன்."

"அருமைங்கண்ணா! யாரும் சிரிக்காதீங்க!" குல்ஷன் அந்தப் பலகையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள், கப்பு வாங்கினவள் மாதிரி.

அதற்கப்புறம் தள்ளுமுள்ளுதான். மையைக் கொண்டா, தூரிகையைக் கொண்டா என்று. சின்னராஜ் வால் மட்டும் போட்டான், நடுவில் ஒரு படி இறங்கின வால், பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. லாரிமேல் ஏறி நின்று பெட்டியை எடுத்து நீட்டுகிறவன் ஒருவன் இருந்தான். அவன் கிளியைத் தலைகீழாகப் போட்டான். "எனக்கு எப்பவும் இப்பிடித்தாங்க தெரியும்" என்றான். சாவடியைக் கூட்டுகிற செல்லி, விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, கிளியைப் படுத்த மாதிரி போட்டாள். பெட்டி கீழே விழுந்தால்தான் அவளுக்கு வேலை. விழுந்த பெட்டியில் கிளி படுத்துத்தான் கிடக்கும்.

ஒரு கிழவனார் நிதானமாக எல்லாவற்றையும் போட்டார். வயிறு, கால், வால். கடைசியில் காலடியில் ஒரு சொட்டு வைத்தார்.

"அதென்னாங்க பெரியவரே, கீழ?" என்று கேட்டேன்.

"அது கிளியோட முட்டைங்க."

நான் வாயை மூடிக்கொண்டேன். பதினொரு வருஷம் என் அவசரத்தில் ஒழுகின மையை அந்த மனுஷன் முட்டை என்று நினைத்துக்கொண்டு சுமந்திருக்கிறார். குல்ஷன் என்னைப் பார்த்தாள். அந்தப் பலகையை மட்டும் தனியாகத் துணியில் சுற்றினாள்.

மொத்தம் பன்னிரண்டு பலகை. ஒன்று போல் ஒன்று இல்லை. ஆனால் பன்னிரண்டும் ஒரே கடைக்குப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிளிக்குப் பக்கத்திலும் அதைப் போட்டவரின் கையைக் கரிக்கட்டியால் வரைய ஆரம்பித்தாள். குள்ளனின் காய்ப்புப் பிடித்த கை, செல்லியின் வளையல் கை, நகம் போன விரல், எல்லாம். "கைய ஆட்டாதீங்கண்ணா, ரெண்டு நிமிசம்!" மத்தியானச் சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டாள். அவள் வரைவதைப் பக்கத்திலிருந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கண் அவர்கள் கையிலேயே இருந்தது, பலகையில் இல்லை. புத்தகத்தைப் பார்த்து வரைந்த காலத்தில் அவள் அப்படி இருந்ததில்லை. வெளிச்சம் இருக்கும்போதே பன்னிரண்டு கையும் முடிந்துவிட்டது.

திங்கட்கிழமை பலகைகளைத் தூக்கிக்கொண்டு நானும் காலேஜுக்குப் போனேன். வராந்தாவில் நிற்கச் சொன்னார்கள். கதவு திறந்தே இருந்தது. உள்ளே பெரிய வாத்தியாரும் இன்னும் இரண்டு பேரும். பலகைகளைச் சுவரோரம் வைத்ததுமே ஒருவர் மூக்கைப் பிடித்தார்.

"என்னம்மா இது நாத்தம்?"

"தக்காளிங்க சார்."

பெரிய வாத்தியார் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார்.

"இந்தக் கிளியில எது நீ வரஞ்சது?"

"ஒண்ணும் இல்லீங்க சார். கைங்க என்னுது. கிளிங்க அவங்களோடது."

போச்சு, ஆம்பூர்தான் என்று நினைத்தேன்.

"அப்ப நான் திரும்பவும் அதையேதான் கேக்கணும்" என்றார். "இதுல அவங்க இருக்காங்க. நீ எங்கே?"

அவள் பையிலிருந்து பதின்மூன்றாவது பலகையை எடுத்துக் கடைசியில் வைத்தாள். அன்றைக்குத் தேய்த்துப் பார்த்த பலகை, அவள் வெட்டின அழகான கிளி. "இதுதான் சார் நான். இதப் பாத்துட்டு எல்லாரும் புறான்னு சொல்லிட்டாங்க. எழுவத்தாறு பெட்டி வழி தவறிப் போச்சி." நடந்ததையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னாள். டிரங்க் கால், வால், முட்டை எல்லாம். மூக்கைப் பிடித்தவர்கூடச் சிரித்துவிட்டார். பிறகு பிளந்த பழைய அச்சை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போய் வெயிலில் பிடித்தாள். சிமெண்டுத் தரையில் வெளிச்சமாக ஒரு கோணல் கிளி விழுந்தது.

"எங்கத்தா கிளி வரைய மாட்டாரு சார். ஓட்டைதான் போடுவாரு. நான் இத்தன நாளு அந்த ஓட்டைய அடைச்சி அடைச்சி அழகு பண்ணிக்கிட்டு இருந்தேன். வேற யாருதோ மூக்கு, வேற யாருதோ நீலம். எங்க ஊர்ல நான் பாத்தது எல்லாம் எனக்கும் ஒரு ஓட்டை வழியாத்தான் வருது. அத இனிமே அடைக்க மாட்டேன்."

பெரிய வாத்தியார் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் குந்தி உட்கார்ந்தார். "இந்தக் கை யாரோடது?" என்றார். சொன்னாள். "இவரு ஏன் தலைகீழாப் போட்டாரு?" சொன்னாள். ஒவ்வொரு பலகையாகக் கேட்டார். பன்னிரண்டும் முடிந்ததும் எழுந்து, மற்ற இரண்டு பேரையும் பார்த்தார். அவர்கள் தலையாட்டினார்கள்.

"பாஸ், போம்மா" என்றார். "பலகையெல்லாம் இங்கயே இருக்கட்டும். நாத்தம் பரவாயில்ல."

அவள் நடந்து வரவில்லை. பறந்து வந்தாள். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி, என் கையைப் பிடித்து உலுக்கி, "மாமா! மாமா!" என்று கத்தினாள். ஊரில் பக்ருதீன் மண்டிக்குப் போன் போட்டு வீட்டுக்குச் சொல்லிக்கொள்வாளாம். அதை அவளே செய்ய வேண்டும் என்றாள். நான் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று துண்டை உதறித் தோளில் போட்டேன்.

அதற்கப்புறம் அவள் வடக்கே வேலைக்குப் போய்விட்டாள். பெருநாளுக்குப் பெருநாள் கடிதம் வரும், அதில் ஒரு படம் இருக்கும். எதுவும் கேட்டு எழுதினதில்லை. என்னிடம் அவள் கடைசியாகக் கேட்டது அந்த வராந்தாவில் வைத்துத்தான்.

"நேரா பஸ் ஸ்டாண்டுக்குப் போயிராதீங்க மாமா. சாவடிக்குப் போங்க. குல்ஷன் பாஸாயிட்டான்னு பொதுவாச் சொல்லிட்டு வந்துராதீங்க. ஒவ்வொருத்தரையும் பேரு சொல்லிக் கூப்புட்டு, உன் கிளி பாஸுன்னு தனித்தனியாச் சொல்லணும். பன்னெண்டு பேருக்கும். குள்ளண்ணனுக்கு மொதல்ல. செல்லியக்கா மத்தியானம் வரைக்கும்தான் இருக்கும். ஓடுங்க."